முன்கையில் நாலு வரி

தையல்நாயகிக்கு நினைவு திரும்பியபோது மூச்சு விட முடியவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் தண்ணீர் ஏறி எரிந்தது. தவளக்குப்பம் ஜங்ஷனில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழவண்டிக்கு முன்னால் அவள் மல்லாந்து கிடந்தாள். சுற்றிலும் கால்கள். வலது கைக்குள் யாருடையதோ சாவிக்கொத்து. அவள் அதை விட்டுவிடாதபடி ஒருவர் அவளுடைய விரல்களை அழுத்திப் பிடித்திருந்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாக்கால் துழாவினாள். முன்பல் ஒன்றில் பாதியைக் காணோம்.

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, தெளிஞ்சிடும்” என்றது ஒரு குரல்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கடிபட்ட நாக்கு புரளவில்லை. திறந்த வாய்க்குள் மறுபடியும் தண்ணீர் விழுந்தது.

அங்கே இருந்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். சாவிக்காரர் தான் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே குந்தியிருந்தார். “இரும்பு குடுத்ததாலதாம்மா நின்னுச்சு” என்று மனநிறைவோடு சொன்னார். வலிப்பு அதுவாக வந்து அதுவாக நிற்கும் என்பது தையல்நாயகிக்குத் தெரியும். பல் உடைந்தது, யாரோ வாய்க்குள் செருகி, இப்போது பக்கத்தில் கிடந்த கரண்டியால் என்பதும் புரிந்தது. ஆனால் அந்த மனிதரிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாயும் வரவில்லை, மனமும் வரவில்லை.

தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, உப்பளம் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடந்தது இது. மூக்கில் ஏறிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்து உட்காரும் நிலைமை வந்த பிறகு நரம்பு டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

“வலிப்பால உங்களுக்கு இது வரலம்மா. வாயில ஊத்தின தண்ணியால வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உயிருக்கே ஆபத்து. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க.”

“வீட்ல சொல்லலாம் டாக்டர், வேலை செய்யற எடத்துல சொல்லலாம். பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு எப்படி முன்னாடியே சொல்லி வைக்கறது?”

“ஒரு கார்டுல எழுதி பர்ஸுக்குள்ள வைங்க.”

தலையாட்டினாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய பர்ஸ் பழவண்டிச் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு முதல் வலிப்பு வந்தது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில். அன்றைக்கே அவளுடைய அம்மா வீட்டுக் கதவைச் சாத்தி, வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. கணவர் முருகையனுக்கே தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை, அவளைக் கொண்டுபோய்ப் பிறந்த வீட்டில் விடவுமில்லை. மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவந்து வைப்பார். அவள் விழுந்தால் ஓடிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்துவார், டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஆபரேட்டர் வேலையில் ஷிப்டு மாற்றி மாற்றி வாங்கி, வீட்டில் அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம் என்பதுதான் அவருடைய பெருமை. தையல்நாயகிக்கும் நாற்பத்தாறு வயதுவரை அதில் குறையொன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸின் மணிக்கட்டில் ஒரு குழந்தையின் பெயர் பச்சை குத்தியிருந்தது. தையல்நாயகி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இது அழியவே அழியாதா சிஸ்டர்?”

“கட்டையோடதான் போவும்” என்று நர்ஸ் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். முருகையன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

“இன்னா பேச்சு இது? எங்கம்மா காலத்துல கையில கோலம் குத்திக்கிட்டாங்க. அது அழகுக்கு. நீ நோயக் குத்திக்கப் போறியா?”

“நோயைக் குத்திக்கல. என்ன செய்யணுங்கறத எழுதிக்கறேன்.”

மகள் கலைவாணி நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். வில்லியனூரிலிருந்து அவளுக்கு ஒரு இடம் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வரும் நாளைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

“அம்மா, எனக்குக் கல்யாணம் முடியற வரைக்கும் உன்னால பொறுக்க முடியாதா?”

“அதுக்குள்ள நான் விழ மாட்டேன்னு யார் சொன்னது?”

“இத்தனை வருஷம் பொறுத்தல்ல?”

“பொறுத்தேன். உன் கல்யாணம் முடிஞ்சா உன் மாமியாருக்குத் தெரியக் கூடாதும்பீங்க. அப்புறம் உனக்குப் பிரசவம், அப்புறம் உன் புள்ளைக்குக் காது குத்து. இது எப்பதான் முடியறது? அன்னிக்கு நான் மூச்சுத் திணறிக் கெடந்தேன் கலை. இன்னும் ஒரு மடக்கு ஊத்தியிருந்தா இங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

கலைவாணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பேசாமல் இருந்தால் மனைவி தானாக விட்டுவிடுவாள் என்று முருகையன் நினைத்தார்.

தையல்நாயகி வேலை செய்வது உப்பளத்தில் ஒரு தோல் பை தைக்கும் கம்பெனியில். அவளோடு ஒரே மேஜையில் பைகளைச் சரிபார்க்கும் கரீமாவிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். கரீமா வெகுநேரம் பைகளின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ரெண்டு வருஷம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னியேக்கா, அது?”

“அதுதான்.”

“அடிப்பாவி! நான் அன்னிக்கு வாளியையும் சோப்பையும் திட்டிக்கிட்டு இருந்தேன்.” அப்புறம் சொன்னாள்: “எங்க மார்க்கத்துல பச்சை குத்திக்கக் கூடாதுக்கா. கூடாதுன்னா எனக்குத்தான். உங்கூட வந்து உக்கார்றதுக்கு என்ன?”

மிஷன் வீதியில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் ராஜாவின் பச்சை குத்தும் கடை இருந்தது. சுவரெல்லாம் சிங்கம், சிறகு, சிவன், ரோஜாப்பூ. ராஜாவுக்கு முப்பது வயதிருக்கும், கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் மாடியேறி வந்ததைப் பார்த்ததும் முகவரி தவறி வந்துவிட்டார்கள் என்றே நினைத்தான். தையல்நாயகி நாற்காலியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள்.

அவன் முழுக்கக் கேட்டான். “ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஊசி போயிட்டு இருக்கறப்ப வந்துட்டா?”

“மிஷினை எடுத்துட்டு என்னை ஒருக்களிச்சுப் படுக்க வை. நான் எழுந்ததும் மீதியைப் போடு.”

ராஜா கரீமாவைப் பார்த்தான். கரீமா, ஆமாம் அவ்வளவுதான் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க. அவங்க சரின்னா நான் போடறேன்” என்றான். பிறகு கணினியில் படங்களைக் காட்டினான். ஊதா நிறத்தில் ஒரு ரிப்பன். உலகம் முழுக்க வலிப்புக்கு அதுதான் அடையாளமாம். அடுத்து, கோலில் பாம்பு சுற்றியிருக்கும் மருத்துவச் சின்னம். “இது எந்த நாட்டு டாக்டர் பார்த்தாலும் புரியும் ஆன்ட்டி. சின்னதா, அழகா இருக்கும்.”

தையல்நாயகி அந்தப் பாம்பை உற்றுப் பார்த்தாள். “தம்பி, தவளக்குப்பத்துல இதோட நான் விழுந்தேன்னா, நாகாத்தா வந்து எறங்கிட்டான்னு கற்பூரம் ஏத்திடுவாங்க.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு அவன் படம் எதையும் காட்டவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து வைத்தான். “எழுத்துதான் வேணும்னா கொஞ்சமாத்தான் போடணும். தமிழெழுத்துல சுழி அதிகம். பொடியா போட்டா நாள் ஆக ஆக மை பரவி அடைஞ்சிக்கும். நாலு வரிக்கு மேல தாங்காது.”

நாலு வரி. அன்று முழுக்க மூன்று பேரும் எழுதி எழுதி அடித்தார்கள். ‘நான் வலிப்பு நோயால் பாதிக்கப்பட்டவள்’ என்று ராஜா தொடங்கினான். நோயும் வேண்டாம், பாதிப்பும் வேண்டாம் என்று அவள் அடித்தாள். ‘படுக்க வைக்கவும்’ என்று போட்டதை, “ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது. ‘வைங்க’ன்னு போடு, மரியாதையாக் கேட்டா செய்வாங்க” என்று கரீமா மாற்றினாள். இரும்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கரண்டி வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதினால் இடம் போதவில்லை. ‘கையில வாயில எதுவும் வேணாம்’ என்றதும் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது.

மேலே முதலாவதாக அவள் கேட்ட சொல்லை எழுதும்போது ராஜா கையை நிறுத்தினான். “‘பயப்படாதீங்க’ளா? அது எதுக்கு ஆன்ட்டி? பாதி வரியை அதுவே எடுத்துக்குது.”

“அதுதான் முக்கியம். பயந்துபோனவங்கதான் கைக்குக் கெடைச்சதை எடுத்துச் செருகறாங்க. முதல்ல அவங்க பயம் போகணும்.”

ராஜா தாளைத் திருப்பி வைத்து எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தான்.

பயப்படாதீங்க, எனக்கு வலிப்பு.
ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.
கையில வாயில எதுவும் வேணாம்.
தானா தெளிஞ்சிடும்.

“எந்தக் கையில?” என்றான்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விழுந்த பிறகு தன் உடம்பு என்ன செய்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கை மடங்கி உடம்புக்கு அடியில் போய்விட்டால் எழுத்தை யார் பார்ப்பது?

பார்த்தவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் முருகையன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள்.

“எனக்கு வர்றப்ப எந்தக் கை மடங்கும்?”

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடியும் துடைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“வலது கை மடங்கி நெஞ்சோட ஒட்டிக்கும். பிரிக்கவே முடியாது. எடது கை ஒதறும், அப்புறம் நீட்டிக்கும். உள்ளங்கை மேல பார்த்துக்கிட்டு இருக்கும். கடைசியில அந்தக் கைதான் முதல்ல தளரும்.”

தையல்நாயகி கரண்டியோடு நின்றாள். இந்த மனிதர் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விரலாகப் பார்த்திருக்கிறார்.

“குத்திக்கன்னு நான் சொல்லல” என்றார் அவர். “கேட்டியேன்னு சொன்னேன்.”

டாக்டரம்மா சம்மதம் சொன்னார். மாத்திரையைத் தவறவிடக்கூடாது, நன்றாகத் தூங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தையல்நாயகி மாடியேறினாள். ஊசி தோலைத் தொட்டதும், வேகமாக ஓடும் தையல் மிஷினுக்குள் கையை வைத்ததுபோல் இருந்தது. கரீமா பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனிக் கதைகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். முழங்கைப் பக்கம் வரும்போது தையல்நாயகியின் கண்ணில் நீர் கட்டியது. ராஜா நிறுத்தட்டுமா என்று கேட்டான். “முடிச்சிடு” என்றாள்.

இடது முன்கையின் உள்பக்கம் சிவந்து வீங்கி, நடுவே கருகருவென்று நாலு வரி. கலைவாணி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் தேங்காய் எண்ணெய் தடவப்போனவளைத் தடுத்து, ராஜா சொன்ன களிம்பைத் தேடி வாங்கிவந்து கொடுத்தவள் அவள்தான்.

வில்லியனூர்க்காரர்கள் வந்தபோது புண் ஆறித் தோல் உரிந்து, எழுத்து தெளிவாகத் தெரிந்தது. காலையில் முருகையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “வந்து போற வரைக்கும் முந்தானையால கையை மூடிக்கயேன்.”

“மூடினா எழுதினதே வீண்” என்றாள்.

மாப்பிள்ளை புருஷோத்தமன் சாதுவாக இருந்தான். அவன் அப்பா ஜானகிராமன் பேச்சுக்காரர். உப்பளம் மைதானத்தில் தான் ஆடிய கபடியைப் பற்றிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தார். தையல்நாயகி கேசரித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா தட்டை வாங்கவில்லை. அவருடைய உதடுகள் எழுத்துக் கூட்டி அசைந்தன. நாலாவது வரி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கா?”

“ஆமாங்க. சின்ன வயசுலேர்ந்து. மாத்திரை சாப்பிடறேன். எப்பவாவது வரும்.”

கபடிக் கதை நின்றுவிட்டது. அந்த அம்மாள் கலைவாணியைப் பார்த்தார். “பொண்ணுக்கு?”

“எனக்கு இல்லங்க” என்றாள் கலைவாணி. ஒரு நொடி கழித்து, “வந்தா சொல்லிடுவேன்” என்றாள்.

அவர்கள் கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, சிரித்த முகத்தோடுதான் போனார்கள். சாயங்காலம் தரகர் இராமதாஸ் போன் செய்து, ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் சரியில்லையாம் என்றார்.

கலைவாணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. தையல்நாயகி கதவுக்கு வெளியே நின்றாள். தன்னையறியாமல் வலது கை கட்டைவிரல் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை எடுத்தா தன் கையில் எழுதிக்கொண்டோம் என்று நினைத்தாள். அழுதாள். ஆனால் தவளக்குப்பத்தில் மூச்சுக்குத் தவித்த அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தபோது, இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் செய்வோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உலை வைத்தாள்.

முருகையன் அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை. மாத்திரையை மட்டும் தண்ணீரோடு கொண்டுவந்து வைப்பார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி எப்போதும் உட்காரும் இடத்தில் கானாங்கெளுத்தியைக் குவித்திருந்தாள். தையல்நாயகி ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

நினைவு திரும்பியபோது இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் மீன் வாடை அடிக்கும் சாக்கு மடித்து வைத்திருந்தது. புடவை முழங்காலுக்கு மேல் ஏறாமல் யாரோ இழுத்துச் செருகியிருந்தார்கள். மூச்சு தாராளமாக வந்து போனது. முகத்துக்குக் கிட்டத்தில் அஞ்சலாட்சி உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திருக்காத, எழுந்திருக்காத. அப்டியே கெட. பொணம் மாதிரி விழுந்துட்டியேம்மா! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. கையில இன்னாவோ எழுதிகீதேன்னு பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாதா, யாராச்சும் படிச்சவங்க வாங்கன்னு மார்க்கெட்டே கேக்கக் கத்தினேன். ஒரு டீச்சரம்மா வந்து சத்தமாப் படிச்சாங்க. நான் ரெண்டாந்தடவையும் படிக்கச் சொன்னேன். ‘பயப்படாதீங்க’ன்னு கீதாமே! யப்பா, அதைக் கேட்டப்புறந்தான் எனக்குக் கையே ஓடிச்சு. ஒருத்தன் அருவாமனையத் தூக்கிக்கினு ஓடியாந்தான், கையில குடுன்னு. ‘எதுவும் வேணாம்னு எழுதிகீது, போடா அப்பால’ன்னு தொரத்திட்டேன்.”

மார்க்கெட்டே கேட்கும்படி. தையல்நாயகி அப்படியே படுத்தபடி அதை நினைத்துப் பார்த்தாள். அம்மா வாக்கு வாங்கி மூடிய விஷயத்தை, ஒரு டீச்சர் மீன் மார்க்கெட்டில் நின்று இரண்டு தடவை உரக்கப் படித்திருக்கிறார். வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உடம்பு அசதியாக இருந்தது. நாக்கு கொஞ்சம் வலித்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

அவளுடைய போனிலிருந்து யாரோ முருகையனை அழைத்திருந்தார்கள். வேர்க்க விறுவிறுக்க ஆட்டோவோடு வந்தவர், வழக்கம்போல் அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்து, “வா, வா, வீட்டுக்குப் போயிடலாம்” என்று தோளைப் பிடித்தார்.

தையல்நாயகி முந்தானையை விலக்கினாள். “கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன். தலை சுத்துது.”

அவர் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டிருந்தது. இரண்டு கடை தள்ளி இறாலுக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. ஈரத் தரையில், செதில்களுக்கு நடுவே, அவரும் மெல்ல உட்கார்ந்தார்.

“எவ்ளோ நாளாக் கீது இவங்களுக்கு?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி, மீனை அடுக்கியபடி.

முருகையன் காலில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட்டார். “சின்னப் புள்ளையிலேர்ந்து” என்றார் பிறகு. குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“எங்க கொழுந்தனாருக்கும் கீது. கடலுக்கு அனுப்பறதில்ல” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்கு மீனை நிறுத்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் தரகர் இராமதாஸ் மறுபடியும் கூப்பிட்டார். அரியாங்குப்பத்தில் ஒரு இடம். முருகையன் கூடத்தில் நின்று பேசினார். பெண்ணின் படிப்பைச் சொன்னார், வேலையைச் சொன்னார், நட்சத்திரத்தைச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகும் போனை வைக்காமல் நின்றார்.

“இன்னொண்ணு சொல்லிடணும்... அவங்க அம்மாவுக்கு...” அங்கேயே நின்றுவிட்டது.

சமையலறையிலிருந்து கலைவாணி எட்டிப் பார்த்தாள். “வலிப்புன்னு சொல்லுப்பா.”

“வலிப்பு” என்றார் முருகையன். “கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். நல்லாத்தான் இருக்கா. வேலைக்குப் போறா. இதை முதல்லயே அவங்ககிட்ட சொல்லிடுங்க. கேட்டுட்டு இஷ்டமிருந்தா வரட்டும், இல்லாட்டி வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

“இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“கேட்டுட்டு சொல்றேன்னாரு.”

“சொல்லட்டும்” என்றாள் கலைவாணி.

தையல்நாயகி இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, ஆறிப்போவதற்குள் இருவரையும் சாப்பிட வரச் சொன்னாள்.